மாரிக்குக் கார் இறக்கும் மருமகனுக்கு

மருமகன், கார் கழுவி முடிஞ்சா இப்படி வந்து இரிங்க. வீடு எங்கட மகள்ட, வளவு எங்கட மகள்ட, கிணறும் எங்கட மகள்ட. கார் மட்டும்தான் உங்கட. இந்தக் கரையில மாப்பிள்ளை குடியிருக்க வாறது பொண்டாட்டி வீட்டுக்குத்தானே, அதால உங்கட சொத்த நீங்க துடைச்சு மினுக்கிறதுல எனக்குப் பிழை ஒண்டும் தெரியல்ல. முன் கண்ணாடியில 'மாஷா அல்லாஹ்' ஒட்டியிருக்கீங்க, வடிவாத்தான் இரிக்கு. உள்ளுக்க அத்தர் போத்தல் ஒண்டு தொங்குது. சீட்டுப் பொலித்தீன் இன்னும் கழட்டல்ல. வெள்ளம் ஏறினா சீட் நனையாது. நீங்க முன்யோசனைக்காரன் எண்டு அண்டைக்கே உங்கட மாமிக்கிட்ட செல்லிட்டன்.

நாளைக்கு சுபஹுத் தொழுதிட்டு கொழும்புக்கு வெளிக்கிடப் போறீங்களாம். நவம்பர் கடைசி. வங்காள விரிகுடாவுல எதோ சுத்திக்கொண்டு நிக்கிதெண்டு ரேடியோவுல செல்றான். நல்ல நாள்தான் பார்த்திருக்கீங்க.

கனடாவுல இரிக்கிற உங்கட மச்சான் வாட்ஸ்அப்புல லிஸ்ட் ஒண்டு அனுப்பினதாம், மகள் காட்டினா. பனி வழிக்கிற சவள், கம்பளி, மெழுகுதிரி, சுத்துற டயருக்குக் கீழ போட மண். பகிடியா நினைக்காதீங்க, அங்க கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரைக்கும் பனிக்கால டயர் இல்லாமக் கார் இறக்கினா அபராதமாம். குளிருல சாதாரண டயர்ட றப்பர் விறைச்சுப் போகுதாம், அதால சட்டம் போட்டு மாத்த வைக்கிறாங்க. நமக்கு அப்படிச் சட்டமும் இல்ல, பனியும் இல்ல. நமக்குத் தண்ணிதான். அதுவும் தலைக்கு மேலால வாறதவிட முதுகுக்குப் பின்னால வாற தண்ணிதான் கூட.

அது விளங்கல்லையா? கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் கடலுக்கும் வட்டைக்கும் நடுவுல மாட்டிக்கொண்ட ஒரு துண்டு நிலம். இஞ்சால கடல், அங்கால வெள்ளாமை. மேல இங்கினியாகலையில சேனாநாயக்க சமுத்திரம், அதுக்குக் கீழ எத்தனையோ குளம், வாய்க்கால். அங்க பெய்யிற மழையெல்லாம் கடலுக்குப் போக நம்மட தாம்போதிகளால வந்து, மண் மூடிக்கிடக்கிற முகத்துவாரத்துலயும் தோணாவுலயும் முட்டிக்கொண்டு நிக்கும். அதால கல்முனையில மழை விட்டு, வெயில் எறிச்சு, ஆக்கள் உடுப்புக் காயப் போடுற நேரத்துலதான் கிட்டங்கித் தாம்போதியில தண்ணி ஏறும். நீங்க வானத்தைப் பார்த்துட்டு "வெளிச்சிட்டு மாமா" எண்டு கறுப்புக் கண்ணாடிய மாட்டுவீங்க. மாட்டுங்க. கிட்டங்கியில விழுறதுக்குள்ள வடிவா ஒரு செல்ஃபியும் எடுக்கலாம்.

சரி, காரைப் பார்ப்பம். நீங்க தொழப் போன நேரம் நான் ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தன். வைப்பர்ட நுனியில ஒரு விரல் அகலத்துக்கு றப்பர் கழண்டு கம்பி தெரியுது. அந்தக் கம்பி கண்ணாடியில வளைஞ்ச கோடு ஒண்டு கீறி வைச்சிரிக்கு, சரியா உங்கட கண்ணுக்கு நேர. கடல் காத்துலயும் வெயில்லயும் நிக்கிற காருக்கு றப்பர் காய்ஞ்சு வெடிக்கிறது வழமைதான். நூறு ரூபாய்க்கு யோசிக்காம அத்தர் வாங்கின ஆள், வைப்பருக்கு மட்டும் தவக்குல் வைச்சிரிக்கீங்க. ஒட்டகத்தக் கட்டிப்போட்டு மறுகா அல்லாஹ்வுல பாரம் போடச் சொன்ன மார்க்கம் நம்மட, மருமகன். வைப்பர் றப்பரும் அந்தக் கயித்துல சேத்திதான்.

டயர்ட காடிக்குள்ள குறுக்கால சின்னச் சின்ன மேடு இரிக்கும், குனிஞ்சு பாருங்க. காடி தேஞ்சு அந்த மேட்டோட சமமாப் போனா மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான். மழை றோட்டுல அந்த டயருக்குத் தண்ணிய ஒதுக்க ஏலாது. தண்ணிக்கு மேலால வழுக்கிக்கொண்டு போகும், நீங்க ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கொண்டு ஸலவாத்து ஓதலாம். உங்கட முன் டயர் ரெண்டும் கிட்டத்தட்ட அந்தச் சமத்துலதான் நிக்கிது. பெட்டரிய கராச் பாஸிட்டக் காட்டுங்க. லைட்டுல ஒண்டு வானத்தப் பார்க்கிது, அதையும் திருப்பச் செல்லுங்க. கண்ணாடி உள்ளுக்கால புகார் பிடிச்சா ஏசியப் போடுங்க. துவாயால துடைச்சா கண்ணாடியெல்லாம் எண்ணெய்.

டிக்கியத் திறந்தன். ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் பாட்டுப் பெட்டி. அதத் தூக்கிட்டுப் பார்த்தா ஸ்பெயார் வீல், கையால அமத்தினா உள்ளுக்குப் போகுது. ஜக் இல்ல. இழுக்கிற கயிறு இல்ல. டோர்ச் இரிக்கு, பெட்டரி இல்ல. ஆனா ஒண்டு செல்லோணும், அவசரத்துக்கு எண்டு நீங்க ஒருநாளும் மறக்காத சாமான் ஒண்டு இரிக்கு, மாமி கட்டித் தாற சோத்துப் பார்சல். அதுவும் கொண்டைவெட்டுவான் தாண்ட முந்தி முடிஞ்சிடும்.

பாட்டுப் பெட்டிய இறக்கி வைச்சிட்டு நான் செல்றதப் போடுங்க. தண்ணி, பேரீச்சம்பழம், பிஸ்கட், பனடோல், உங்களுக்கு மருந்து இரிந்தா அது. நல்ல டோர்ச். கயிறு. ஃபோனுக்குப் பவர் பேங்க். லைசன், இன்சூரன்ஸ் காட், அடையாள அட்டை எல்லாம் பொலித்தீன் பைக்குள்ள. கையில கொஞ்சம் காசு, ஏனெண்டா கரண்ட் போன ஊருல உங்கட காட்ட யாரும் தேய்க்க மாட்டான். சாரன் ஒண்டு கட்டாயம். போர்வையும் அதுதான், துவாயும் அதுதான், உடுப்பு மாத்த மறைப்பும் அதுதான், தொழுறதுக்கு விரிப்பும் அதுதான். கம்பளிக் கதை கதைக்கிற கனடாக்காரனுக்கு இந்த விசயம் தெரியாது. பெற்றோல் அரை டேங்குக்குக் கீழ விடாதீங்க. 2022 இல செட்டுல நாள் கணக்கா வரிசையில நிண்டு அழுத ஆள் நீங்கதானே? இப்ப கையில காசு இரிக்கு, செட்டுல பெற்றோல் இரிக்கு, உங்கட முள்ளு மட்டும் எப்பவும் சிவப்புலதான் படுத்துக்கிடக்கு.

இன்னொண்டு, சின்னச் சுத்தியல். டிக்கியில இல்ல, சீட்டுக்குப் பக்கத்துல, கைக்கு எட்டுற இடத்துல. தண்ணிக்குள்ள மாட்டினா வெளித் தண்ணி கதவ அமத்திப் பிடிக்கும், திறக்க ஏலாது. கரண்டுக் கண்ணாடி கொஞ்ச நேரம் வேலை செய்யும், அந்த நேரத்துலயே இறக்கிட்டு வெளிய வந்திடோணும். இறங்காட்டி பக்கக் கண்ணாடியில, மூலையில அடிங்க. முன் கண்ணாடியில அடிச்சா அது கீறும், உடையாது. 'மாஷா அல்லாஹ்' ஸ்டிக்கர்தான் பழுதாகும்.

எங்கட காலத்துல மொறிஸ் மைனர் ஓட்டின ட்ரைவர்மார் தண்ணியக் கண்டா ஃபேன் பெல்ட்டக் கழட்டிப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர்ல சாக்குத் துண்டச் சுத்திட்டு மெதுவா இறக்குவாங்க. ஃபேன் தண்ணிய அள்ளித் தெளிச்சா வண்டி நிண்டிடும் எண்டு அவங்களுக்குத் தெரியும். படிச்சது அஞ்சாம் வகுப்பு. உங்கட டொயோட்டா அக்குவாவுல கழட்ட என்ன இரிக்கு? அடிப்பக்கத்துக்கும் றோட்டுக்கும் நடுவுல 14 சென்ரிமீற்றர், ஒரு சாண் கூட இல்ல. பின் சீட்டுக்குக் கீழ பெரிய பெட்டரி, அதுக்குக் காத்துப் போற ஓட்டை சீட்டுக்குப் பக்கத்துல. தண்ணி உள்ளுக்க வந்தா முதல்ல அங்கதான் சலாம் செல்லும். செம்மஞ்சள் வயருல கை வைக்காதீங்க, அது உயர் அழுத்தக் கரண்டு.

இன்ஜினும் அப்படித்தான். காத்த அமத்தலாம், தண்ணிய அமத்த ஏலாது. காத்து இழுக்கிற குழாயால தண்ணி போனா உள்ளுக்க கம்பி வளைஞ்சிடும், மறுகா இன்ஜின் வாங்கோணும். அதால நிண்ட காரத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீங்க. உங்கடது ஹைபிரிட், தனக்கு விருப்பம் வந்த நேரம் தானே இன்ஜினப் போட்டுக்கொள்ளும், உங்களிட்டக் கேக்காது. எங்கட வீட்டு ஆக்கள் மாதிரி. முழுசா ஓஃப் பண்ணிட்டு இறங்குங்க. ஆழமில்லாத தண்ணியால வெளிய வந்தீங்கெண்டா மெதுவா ஓட்டிக்கொண்டு பிரேக்க லேசா அமத்தி அமத்திக் காய வையுங்க.

தாம்போதிக் கரையில எப்பவும் நாலைஞ்சு பேர் நிப்பாங்க, தெரியும்தானே? முட்டளவு தண்ணியில நிண்டு "வா, வா, போகும், போகும்" எண்டு கை காட்டுறவங்க. அவங்கள நம்பிப் போங்க மருமகன், அனுபவசாலிகள். அவங்களுக்கு ஒருத்தனுக்கும் கார் இல்ல. நீங்க நடுவுல நிண்டதும் தள்ளுறதுக்கு எவ்வளவு எண்டு பேசுறவங்களும் அவங்கதான், ஃபேஸ்புக்குல லைவ் போடுறவங்களும் அவங்கதான்.

முப்பது சென்ரிமீற்றர் ஓடுற தண்ணி போதும், சின்னக் கார மிதக்க விட. அறுபது வந்தா பெரிய வாகனத்தையும் தூக்கும். தாம்போதியில கரை எது, காண் எது எண்டு தெரியாது. தண்ணிக்குக் கீழ றோட்ட அரிச்சிரிந்தா அதுவும் தெரியாது.

இதுல ஒண்டப் பத்தி மட்டும் நான் பகிடி பண்ண மாட்டன். 2024 நவம்பர் 26. நிந்தவூர் மத்ரஸாவுல ஓதின பிள்ளைகள் சம்மாந்துறையில இரிக்கிற வீட்டுக்குப் போற வழியில, மாவடிப்பள்ளியில டிரக்டரோட வெள்ளத்துக்குள்ள போனாங்க. டிரக்டர், மருமகன். உங்கட அக்குவாவவிடப் பாரமும் கூட, உயரமும் கூட. சில பேரக் கரை சேத்தாங்க. மத்தப் பிள்ளைகள்ட ஜனாஸாவ நாள் கணக்காத் தேடினாங்க. இந்த ஊரு 1978 சூறாவளியயும் பார்த்திரிக்கு, 2004 சுனாமியயும் பார்த்திரிக்கு. ஆனா அது ரெண்டும் வீடு தேடி வந்தது. மாவடிப்பள்ளித் தண்ணி ஒவ்வொரு மாரிக்கும் அந்த இடத்துலதான் நிக்கும், நாமதான் தேடிப் போறம்.

கொழும்புக்குப் போற வழியில அதத் தாண்டினாலும் மிச்சம் இரிக்கு. அம்பாறை தாண்டி மகியங்கனைப் பக்கம் இருட்டுல ஆனை றோட்டுக்கு வரும், ஹோன் அடிச்சா கோவம் வரும். மேல ஏறினா பதினெட்டு வளைவு, மண்சரிவு. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்த நேரம் மலைநாட்டு றோட்டு எத்தனை இடத்துல அறுந்திச்சு எண்டு நீங்களே டிவியில பார்த்தீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டா அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காதீங்க.

இப்ப ஃபோன எடுத்து மூணு நம்பரப் பதியுங்க. இடர் முகாமைத்துவத்துக்கு 117, பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. பதிஞ்சாச்சா? முதல்ல 117க்கு எடுத்து மாவடிப்பள்ளியில தண்ணி எந்த மட்டு எண்டு கேளுங்க. மறுகா கராச்சுக்குப் போய் வைப்பர், டயர், லைட் எல்லாம் சரி பண்ணிட்டு வாங்க. ஆட்டோவுல போங்க. கார்த் திறப்ப இவ்வளவு நேரமும் எங்க தேடினீங்க? அது என்ட மடியில இரிக்கு. தாம்போதியில தண்ணி இறங்கட்டும், தாறன்.