அடுத்த மனையில் நடுங்கள்

பருத்தியும் சோளமும் போட்டு அலுத்துப்போன அருப்புக்கோட்டைக் கரிசல் மூன்று ஏக்கரில் இனி கல் நடலாம் என்று எங்கள் குடும்பம் தீர்மானித்தபோது, எல்லார் மனத்திலும் இருந்தது பழைய வித்தைதான். சீமைக்கருவேலத்தைப் பிடுங்கு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக ஊன்று, ரோட்டோரம் ஆர்ச் வை, வேனில் ஆள் ஏற்றி வந்து பிரியாணி போடு. விற்றுத் தீர்ந்துவிடும். கரண்டும் தண்ணியும் வாங்கினவர் பாடு.

அந்தக் காலம் 2016 அக்டோபர் 20-ஆம் தேதியோடு மலையேறிவிட்டது. புதிதாகப் பிரிக்கிற மனைக்கு டிடிசிபி அனுமதி இல்லையென்றால் சார்பதிவாளர் பத்திரத்தைக் கையால் தொடமாட்டார். எங்கள் நிலமோ 10,000 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதம் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும். பூங்காவையும் ரோட்டையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“ஒரு செண்டுகூட விக்கலை, அதுக்குள்ள தானமா?” என்றார் அத்தை. கொஞ்சம் யோசித்து, “சரி, கல்வெட்டுல எங்க அப்பா பேரு வருமா?” என்றார்.

விலை பேசுவது சித்தப்பா, பத்திரம் பார்ப்பது அண்ணன் என்று வேலை பிரிந்தது. டிகிரி படித்த குற்றத்துக்காகக் கரண்டு, தண்ணீர், கழிவு மூன்றும் என் தலையில் விழுந்தன.

கரண்டில் முதல் காரியம் வாங்குவதல்ல, இருப்பதைத் திருப்பிக் கொடுப்பது. கிணற்று மோட்டாருக்கு இருந்த விவசாய இலவச இணைப்பை ஒப்படைக்க வேண்டும். மனை போட்ட இடத்தில் விவசாயம் நடக்கிறது என்று யாரும் சாதிக்க முடியாதே. அப்பாவாக மனுப் போட்டுத் தாத்தாவாக இணைப்பு வாங்கியவர் எங்கள் அப்பா. ஒப்படைப்புக் கடிதத்தில், ஒரு பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது புது லைன். 11 கேவி லைனிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து தெருவுக்குத் தெரு எல்.டி. லைன். மின்வாரியத்தில் எஸ்டிமேட் போட்டுத் தருவார்கள், பணத்தை நாம் கட்ட வேண்டும். கட்டி முடித்து ஊன்றிய பிறகு கம்பம் அவர்களுடையது, கடன் நம்முடையது.

மனைப் படத்தில் கம்பங்கள் சிவப்புப் புள்ளிகளாக வந்தன. குடும்பம் மொத்தமும் படத்தைச் சுற்றி உட்கார்ந்தது. முப்பதடி ரோட்டையோ பூங்காவையோ ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் தமக்கென்று எடுத்துவைத்த மனையில் விரலை வைத்து, விரலுக்குப் பக்கத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

“இதென்னப்பா, என் வாசலுக்கு நேரா? வாசக்குத்து ஆகாதா?”

“சித்தப்பா, வீடே இன்னும் கட்டலை. வாசல் எங்கே வந்துச்சு?”

“கட்டுனா அங்கதான் வரும்.”

இரண்டு மனைக்கும் பொதுவான எல்லையில் நட்டால் யார் வாசலையும் மறைக்காது என்றார் பொறியாளர். அவருக்கு எங்கள் குடும்பம் பழக்கமில்லை. ஒருவர் மனைக்கு முன்னால் வைத்தால் ஒரு சண்டை. எல்லையில் வைத்தால் இரண்டு. போதாக்குறைக்குக் கடைசிக் கம்பத்துக்கும் திருப்பத்துக் கம்பத்துக்கும் ஸ்டே கம்பி உண்டு. சாய்வாக இறங்கி, தள்ளிப்போய் மண்ணுக்குள் நுழையும். பகலில் ஆடு கட்டலாம். இருட்டில் வருகிற விருந்தாளி வீட்டுக்காரரைவிட முதலில் அதைத்தான் கட்டித் தழுவுவார்.

டிரான்ஸ்ஃபார்மர் என்றதும் அத்தை எழுந்தே நின்றுவிட்டார். “அது ராப்பகலா உறுமும். ஆயில் ஒழுகும். மழை நாள்ல டப்புனு வெடிக்கும். எனக்கு அந்தக் கோடியில, கடைசி மனையக் குடுத்துருங்க.” கொடுத்தோம். டிரான்ஸ்ஃபார்மர் பூங்காவை ஒட்டிப் போயிற்று. பூங்காவுக்காகப் பேச எங்கள் வீட்டில் ஆளில்லை.

தண்ணீர் விஷயத்தில் பூமி எங்களைவிடத் தெளிவாக இருந்தது. உள்ளங்கையில் தேங்காய் வைத்து ஒருவர் நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டோம். தண்ணீர் வந்தது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத தண்ணீர். குடிக்கத் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர், புழங்க இந்தப் போர் என்று முடிவாயிற்று. பூங்கா மூலையில் மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டி எல்லா மனைக்கும் குழாய் இழுத்துவிடலாம் என்றேன்.

“அதெல்லாம் எதுக்கு? அவனவன் அவனவன் மனையில போர் போட்டுக்கிறட்டும்” என்றார் சித்தப்பா. அப்போதுதான் நான் வாஸ்துவைக் கையில் எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் வாஸ்து பார்க்காமல் கோழிக்கூண்டுகூடக் கட்டமாட்டார்கள். போர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். சாக்கடை லைன் இல்லாத கிராமத்து மனையில் வீட்டுக்கு ஒரு டேங்க் கட்டாயம். இப்போது இரண்டு மனையை அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். என் ஈசானிய மூலையும், கிழக்கே இருக்கிறவரின் வாயு மூலையும் ஒரே இடம். நடுவே ஒரு சுவர். அவர் சாஸ்திரப்படி டேங்க் வெட்டுவார், நான் சாஸ்திரப்படி அதன் பக்கத்திலேயே போர் போடுவேன். என் டேங்குக்குப் பக்கத்தில் மேற்கு வீட்டுக்காரர் போடுவார். இப்படியே தெரு முழுக்க ஒருவர் கழிவு ஒருவர் தண்ணீர். கிழக்குக் கோடி மனைக்காரர் ஒருத்தருக்குத்தான் மோட்சம்.

வாஸ்துவை விட்டுவிட்டால் தப்பிக்கலாமா என்றால், கணக்கு விடவில்லை. குடிநீர்க் கிணற்றுக்கும் செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழிக்கும் நடுவே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சுமார் 60 அடி. எங்கள் மனை 30-க்கு 40. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடித்தாலே 50 அடிதான். ஒரே மனைக்குள் இரண்டையும் தள்ளி வைக்க வேண்டுமென்றால் ஒன்றைத் தெருவில்தான் வைக்க வேண்டும்.

சித்தப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். “பொதுத் தொட்டியே இருக்கட்டும்” என்றார். கிருமியைப் பற்றி நான் முன்பு எவ்வளவோ சொல்லியும் கேட்காதவரைப் பக்கத்து வீட்டு வாயு மூலை ஒரு நிமிஷத்தில் கேட்க வைத்தது.

கடைசியில் ரோடு. ரோடு போட்ட மறுவாரம் குழாய்க்காக வெட்டுவது நம் மரபு. ஆகவே தார் ஊற்றுமுன் மனைக்கு மனை குறுக்கே வெறும் பி.வி.சி. குழாயைப் புதைத்தேன், பின்னால் தண்ணீர்க் குழாயோ கேபிளோ ரோட்டைக் கீறாமல் உள்ளே நுழையலாம். வெறுங்குழாய்க்குக் காசு கொடுத்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர் நிலைத்தது.

முதலில் வந்த ஆள் விசைத்தறி ஓட்டி ஓய்ந்த பெரியவர். நேராக நடந்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மனையில் நின்றார். “இதுதான் வேணும்.” சித்தப்பா அவசரமாக, “அண்ணாச்சி, பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, பாத்துக்கோங்க” என்றார், பின்னால் பேச்சு வரக்கூடாதென்று.

“அதுக்குத்தானய்யா கேக்கேன். இங்கதான் ஃபுல் வோல்டேஜ் நிக்கும். லைன்ல போகப் போகக் குறையும். கடைசிக் கம்பத்து வீட்டுல சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போட்டா மிக்ஸி ஓடாது, முனகும்.”

சொன்ன விலைக்கு முடித்துக்கொண்டு போனார். அன்றிரவே கோடி மனைக்காரியான அத்தை போன் செய்தார். “ஏப்பா, அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் நம்ம பக்கமாத் தள்ளி வைக்க முடியுமா? ரொம்பக் கிட்ட வேண்டாம். பக்கத்து மனையில வச்சாப் போதும்.”