மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு…

தனிநபர் கடன் நிறுவனத்தின் வசூல் பிரிவில் கொலுவீற்றிருக்கும் பெரியப்பா அவர்களின் திருச்சமூகத்துக்கு,

திருப்பூரிலிருந்து உங்கள் கடன்கணக்கு மகள் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு நீங்களும் நலம் என்பதை உங்கள் காலாண்டு லாபத்தைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உரிமையோடு முறை சொல்லிக் கூப்பிடுகிறேனே என்று முகம் சுளிக்க வேண்டாம். கடன் கொடுத்த அன்று "எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி" என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள்தான். குடும்பம் என்றால் முறை வேண்டுமல்லவா? தாய்மாமன் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். தாய்மாமன் என்றால் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவர வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து அப்படி எதுவும் வரும் அறிகுறி இல்லை. சித்தப்பா என்றால் கொஞ்சம் கேலி கிண்டல் பேசலாம், அதற்கும் வழியில்லை. கடைசியில் பெரியப்பா என்று முடிவாயிற்று. வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எதிர்த்துப் பேசக்கூடாது, யார் சம்பாதித்தாலும் முதல் பங்கு அவருக்கு. பொருத்தம் பிரமாதமாக அமைந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் ஆறாம் தேதி காலை, என் மகன் போகும் ஸ்கூல் வேனில் உங்கள் குரல் ஒலித்தது. டிரைவர் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் வண்டி ஓட்டுவார். 'சரிபார்ப்புக்கு மட்டும்' என்று விண்ணப்பத்தில் நீங்கள் கேட்டு வாங்கிய ரெஃபரன்ஸ் நம்பர் அவருடையது. "நீங்க சிபாரிசு பண்ணுன பொம்பளை பணத்தை ஏமாத்திட்டுத் திரியுதுங்க. சொல்லி வைங்க, இல்லீன்னா நீங்கதான் கட்டோணும்" என்றார் உங்கள் ஆள். வேன் நிறையப் பிள்ளைகள். சாயங்காலம் திரும்பி வரும்போது என் மகனுக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது: இஎம்ஐ. நாலாம் வகுப்புப் படிக்கிறான், பெரியப்பா. பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை பெரியவர்களுக்கு உண்டுதான். தொட்டிலும் சர்க்கரையும் கொண்டுவந்து முறைப்படி வைத்திருக்கலாம்.

தவறிய தொகை எவ்வளவு என்று அந்தப் பிள்ளைகளிடம் உங்கள் ஆள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். தவணை 5,885 ரூபாய். ஐந்தாம் தேதி என் கணக்கில் இருந்தது 5,640. குறைந்தது 245 ரூபாய்.

ஆனாலும் உங்கள் சட்ட அறிவை மெச்சத்தான் வேண்டும். கடன் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று சுற்றறிக்கை விட்டது. நீங்கள் சரியாக 8.05-க்குக் கூப்பிட்டீர்கள். ஐந்து நிமிடம் எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதே சுற்றறிக்கையில், கடன்காரரை ஊர் நடுவே அவமானப்படுத்தக்கூடாது, குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக்கூடாது என்றும் இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டிய வயது. நேரம் போட்டிருந்த வரியோடு படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள்.

நம் உறவு தொடங்கிய கதையையும் கொஞ்சம் நினைவூட்டுகிறேன். 2025 ஜனவரியில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, கூடப் பிறந்தவர்களெல்லாம் "பாக்கலாம்" என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் பத்து நிமிடத்தில் சரி என்றீர்கள். 1,50,000 ரூபாய்க்குக் கையெழுத்து. செயலாக்கக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, நான் கேட்காத ஒரு இன்ஷூரன்ஸ் எல்லாம் போகக் கைக்கு வந்தது 1,40,500. வட்டி மட்டும் 1,50,000-க்கு. வருடத்துக்கு 24 சதவீதம். எங்கள் ஊரில் இதை ரெண்டு வட்டி என்போம். மஞ்சள் பையோடு வாசலில் வந்து நிற்கிறவர் வாங்குவது. அவர் டை கட்டமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். 36 மாதம் கட்டி முடிக்கும்போது 2,11,860 ஆகியிருக்கும். முதல் தவணை 5,885-ல் 3,000 வட்டிக்கே போய்விட்டது.

இந்தக் கணக்கெல்லாம் நானாகப் போட்டது. 2024 அக்டோபர் 1-லிருந்து கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் முக்கிய விவர அறிக்கை தரவேண்டும் என்பது விதி. எனக்கு இங்கிலீஷில் தந்தீர்கள். மிரட்டும்போது மட்டும் சுத்தமான கொங்குத் தமிழ். குடும்பத்துக்குள் எந்த மொழி எதற்கு என்று பெரியப்பாவுக்குத் தெரியாதா!

ஐந்தாம் தேதி உங்களுக்கு ராசியான நாள் போலிருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். இங்கே சனிக்கிழமை சம்பளம். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆறாம் தேதியோ ஏழாம் தேதியோ வந்தால், உங்கள் கை என் கணக்குக்குள் நுழையும்போது அங்கே போன மாதத்துச் சில்லறைதான் இருக்கும். தேதியைப் பத்துக்கு மாற்றித்தாருங்கள் என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். "சிஸ்டத்தில் இடமில்லை" என்றார்கள். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27-லிருந்து இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும், எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியது. அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போட்டால் திருப்பூரில் என் ஓவர்டைம் போகும். அந்தச் சிஸ்டம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

தவணை திரும்பினால் மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. என் கணக்கு இருக்கிற வங்கி, பணம் இல்லாத குற்றத்துக்கு 590 ரூபாய் எடுக்கிறது. அதே குற்றத்துக்கு நீங்கள் இன்னொரு 590. அதற்குமேல் தாமதக் கட்டணம். 245 ரூபாய் இல்லாதவளிடம் ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று கண்டுபிடித்த உங்கள் கணக்குப் பிள்ளையை எங்கள் கம்பெனிக்கு அனுப்புங்கள்; நஷ்டத்தையெல்லாம் லாபமாக்கிவிடுவார். பதினைந்தாம் தேதி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்தது. வந்த வேகத்தில் வங்கிக்கான 590 போயிற்று. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கிய உடனே சில வங்கிகள் இப்படிக் கை வைத்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டிக்க வேண்டியதாயிற்று. கண்டனம் அப்படியே இருக்கிறது, பிடித்தமும் அப்படியே இருக்கிறது. உரிமைத் தொகையில் உரிமை உங்களுக்கு, தொகையும் உங்களுக்கு; மகளிர் என்ற பட்டம் மட்டும் எனக்கு.

மிச்சத்தில்தான் ரெண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் நீல பாக்கெட்டாயிற்று. எட்டாவது படிக்கும் மகளுக்குக் கணக்கு டியூஷன் நின்றுபோனது. வட்டிக் கணக்கு மட்டும் வீட்டிலேயே பழகிக்கொள்கிறாள். மகனின் ஷூவில் பெருவிரல் இடிக்கிறது. முழுப்பரீட்சை வரை தாக்குப்பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பிறந்தநாளுக்குப் பள்ளியில் சாக்லேட் கொடுக்கும் வழக்கம் உண்டு. இந்த வருடம் அந்த நாளில் மகள் "வயித்து வலி" என்று லீவு போட்டாள். வயிறு வலிக்கவில்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கான 5,885-ஐத் தனியாக எடுத்து வைத்தோம். வீட்டில் யார் தட்டில் குறைந்தாலும் பெரியப்பா இலையில் குறையக்கூடாது.

அப்படிக் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளையை வேனில் வைத்து அசிங்கப்படுத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கடன் வாங்கியது நான். என்னைக் கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேன்; என் போனில் உங்கள் அழைப்பு ஒன்றுகூட இல்லை. நேராக என் பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போனீர்கள், அங்கேதான் வலிக்கும் என்று தெரிந்தே போனீர்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினான்கு வருடம் கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தாயும் தகப்பனும் ரெண்டு பெண் குழந்தைகளும் நெருப்பில் வெந்தார்கள். கடனைக் கேட்பதில் ஒரு அளவு உண்டு என்பதற்கு இந்த மாநிலம் அவ்வளவு விலை கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் நாலாம் வகுப்புப் பையனின் மானத்தைப் பிணையாக எடுக்கிறீர்கள் என்றால், உங்களுக்கும் அந்த மஞ்சள் பைக்காரருக்கும் டை வித்தியாசம்கூட இல்லை.

மன்னிக்க வேண்டும் பெரியப்பா. பெரியவர் முன்னால் குரலை உயர்த்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்கிறேன்.

சின்னச் சந்தேகம் ஒன்று. 9,000 கோடிக்குமேல் பாக்கி என்று வங்கிகள் தேடிக்கொண்டிருந்த விஜய் மல்லையா, 2016 மார்ச்சில் லண்டனுக்கு விமானம் ஏறினாரே, அவர் வீட்டுப் பிள்ளைகளின் கார் டிரைவருக்கு யாராவது காலை 8.05-க்குப் போன் செய்தார்களா? 2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் சுமார் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். நீக்குவது வேறு, தள்ளுபடி செய்வது வேறு, வசூல் தொடரும் என்றும் விளக்கினார்கள். எனக்கும் அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. என் 245-ஐயும் அதேபோல நீக்கி வைத்துவிட்டு, மெதுவாக, மரியாதையாக வசூலைத் தொடரலாமே. குடும்பத்தில் மூத்த பிள்ளைகளுக்கு ஒரு நீதி, கடைக்குட்டிக்கு ஒரு நீதியா?

சரி, உறவை முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் நீங்கள் விடுவதில்லை. ஏலச்சீட்டு எடுத்துக் கொஞ்சம் முன்கூட்டியே அடைக்க வந்தேன். முன்கூட்டி அடைத்தால் 4 சதவீதம் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்றீர்கள். பிந்தினால் அபராதம், முந்தினாலும் அபராதம். பந்திக்கு முந்தினாலும் கோபம், பிந்தினாலும் கோபம் என்றால் அது பெரியப்பாவேதான். முறை சரியாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஆகவே சமூகத்தில் நான் வைக்கும் கோரிக்கைகள் சிலவே. தவணைத் தேதியைப் பத்துக்கு மாற்றுங்கள். முக்கிய விவர அறிக்கையைத் தமிழில் தாருங்கள். ஒவ்வொரு கட்டணத்தையும் எந்த விதிப்படி எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வேனுக்குப் போன் செய்தவர் யார், எந்த ஏஜென்சி என்று சொல்லுங்கள். டிரைவர் அண்ணனிடம் அவர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், பிள்ளைகள் ஏறிய பிறகு, அவர்கள் கேட்கும்படியாக. மிச்சத் தவணைகளை ஒன்று விடாமல் கட்டுவேன். கட்டி முடிக்கும் அன்று தடையில்லாச் சான்றை உடனே தந்துவிட வேண்டும். பங்காளிகளுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரம் மாதிரி அதை வாங்கிக்கொண்டு, நம் முறையை அத்தோடு முடித்துக்கொள்வோம்.

இந்தக் கடிதத்தின் நகல் ஸ்பீடு போஸ்டில் உங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் போயிருக்கிறது. ரசீது என்னிடம் இருக்கிறது. பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள். தவறினால் அபராதம் போடும் வசதி என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனின் 14448 என்ற எண் மட்டும் இருக்கிறது. கவலை வேண்டாம், காலை 8 மணிக்கு முன்னால் கூப்பிடமாட்டேன்.

இப்படிக்கு,
கணக்கு வழக்கில் உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த,
ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்