அண்ணாச்சியின் அடுக்களைப் பெருமை

சிவகிரியில் குடும்பத் தலைவர் ஒருவருக்குப் பாராட்டு விழா எடுப்பதென்றால் என் ஓட்டு எங்கள் தெரு அண்ணாச்சிக்குத்தான். ஆறு வாய், ஆறு விதமான பத்தியம். அப்படிப்பட்ட வீட்டை அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இத்தனை வருஷமாக நடத்திக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியமா?

அண்ணாச்சியின் அம்மா, தெருவுக்கே ஆச்சி, சுத்த சைவம். கறிச்சட்டி அடுப்படியில் இருந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. தாத்தாவுக்குச் சர்க்கரை, சோறு அளவாக, ராத்திரிக்குக் கேப்பை தோசை. கல்லூரிக்குப் போகும் மகள் முட்டை வரைக்கும் வருவாள், அதற்கு மேல் வரமாட்டாள். அண்ணாச்சிக்குப் புதனும் ஞாயிறும் கறி மணக்க வேண்டும். புரட்டாசி சனி, கிருத்திகை, சஷ்டி என்று வந்துவிட்டால் அவரே முதல் பக்திமான். அன்றைக்குக் கூட்டு, பொரியல், அவியல், அப்பளம், பாயசம் இல்லாமல் விரதம் நிறைவேறாது. சின்னவனுக்கு ஐந்து வயது. ஓரம் சிவக்காத வெள்ளைத் தோசையும் சீனியும்தான் அவன் கண்ட சாப்பாடு. ஆறாவது ஆள் மதினி. அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மிச்சம் பிடிக்கும் என்று கேள்வி.

அண்ணாச்சியின் நிர்வாகத் திறமையைக் காலையில் பார்க்க வேண்டும். "இன்னைக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" என்று மதினி கேட்பார். பேப்பரிலிருந்து தலை நிமிராமல் "எதையாவது வை" என்பார் அண்ணாச்சி. இரண்டே வார்த்தையில் முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? தட்டில் குழம்பு விழுந்த பிறகுதான் "இதையா வச்ச?" என்பார். தீர்ப்பு சொல்கிற உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

கொள்முதலிலும் கெட்டிக்காரர். புளியங்குடிப் பக்கம் போனால் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து "ஊறுகா போட்டுரு" என்று வைத்துவிடுவார். சங்கரன்கோவிலுக்குப் போனால் பிரியாணிப் பொட்டலம். அதை அந்த வீட்டில் முழுமனதோடு சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் மற்றவர்களைத் தொந்தரவு செய்வதே இல்லை.

சங்கரன்கோவில் என்றதும் நினைவு வருகிறது. அங்கே சங்கரநாராயணர் ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி திருமால். அந்தக் கோலத்தைக் காணக் கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள். ஆடித் தபசு என்று ஊரே திரண்டு கொண்டாடுகிறோம். மதினி இரண்டு காலிலும் நிற்கிறார். பின்கட்டு அடுப்பில் கறிக்கு ஒரு சட்டி, ஒரு கரண்டி. உள்ளே ஆச்சிக்கு வேறு சட்டி, வேறு கரண்டி. இரண்டுக்கும் நடுவில் கையைக் கழுவிக் கழுவி ஓட்டம். இரண்டு காலில் நிற்பதெல்லாம் தவக்கணக்கில் சேராது போலும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் ஒரு கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் போகிறது. அந்த வேலையைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடம். அப்படிச் செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அண்ணாச்சி மிச்சம் 74 பேரோடு இருக்கிறார். பெரும்பான்மையை மதிக்கும் ஜனநாயகவாதி.

பிள்ளை வளர்ப்பு இன்னும் விசேஷம். அண்ணாச்சி சாப்பிட்டு எழுந்த தட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கறிவேப்பிலை, கடுகு, வத்தல், தக்காளித் தோல் எல்லாம் ஓரத்தில் அணிவகுத்து நிற்கும். சின்னவன் அவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் படிக்கிறான். உளுந்தம்பருப்புச் சோற்றில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் போதும், தட்டைத் தள்ளிவிடுவான். "எம்பிள்ளைல்லா!" என்று அண்ணாச்சிக்குப் பூரிப்பு.

லியன் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகா ஒருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பழகாத ஒரு பண்டத்தை நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவை வரை கொடுத்துப் பார்த்தார்கள். ருசிக்க ருசிக்கத்தான் பிடிப்பு வந்தது. அத்தனை தடவை பொறுக்க அண்ணாச்சி என்ன கல்நெஞ்சக்காரரா? இரண்டாவது தடவையே "பிள்ளையப் போட்டுப் பாடாப்படுத்தாத" என்று மதினியை அதட்டிவிட்டு, கடைக்கு அழைத்துப்போய்ச் சிப்ஸ் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிடுவார். சத்துக்குத்தான் பாலில் கலக்கும் மாவு டப்பா இருக்கிறதே. 'ஹெல்த் டிரிங்க்' என்று சட்டத்தில் ஒரு வகையே கிடையாது, அந்தத் தலைப்பில் இதையெல்லாம் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகர்களுக்குச் சொன்னது. அமைச்சகம் என்ன, ஆண்டவனே வந்து சொன்னாலும் டப்பா மேல் அண்ணாச்சி வைத்த நம்பிக்கை அசையாது.

இதில் ஒரே ஒரு சிக்கல், பள்ளிக்கூடம். சின்னவன் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. காய்கறி போட்ட கிச்சடியும் சாம்பாரும் அங்கே வரிசையாகத் தட்டில் விழுகின்றன. யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு யாரும் பின்னால் ஓடுவதில்லை. மத்தியானச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்பதோடு சலுகை முடிந்தது. நம் சின்னவன் பக்கத்துப் பையனைப் பார்த்துக்கொண்டே கேரட்டையும் பீன்ஸையும் வழித்துச் சாப்பிடுகிறானாம். செய்தி வீட்டுக்கு வந்தது. அண்ணாச்சி தீர யோசித்து, மதினிக்குக் கைப்பக்குவம் போதாது என்று கண்டுபிடித்தார்.

போன மழைக்காலத்தில் மதினி காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணாச்சி கொஞ்சமும் கலங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய், எல்லோருக்கும் புரோட்டா, சால்னா, ஆச்சிக்கு மட்டும் நாலு இட்லி என்று வாங்கி வந்துவிட்டார். யாருக்கு என்ன வேண்டும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. தாத்தா சர்க்கரையை மறந்தார். மகள் சால்னாவில் கிடந்ததை ஒதுக்கிவிட்டுத் தொட்டுக்கொண்டாள். ஆச்சி அது எந்த அடுப்பில் வெந்த இட்லி என்று விசாரிக்கவில்லை. சின்னவன் கறிவேப்பிலையோடு சேர்த்து விழுங்கினான். "பாத்தியா, இவ்வளவுதான் விஷயம்" என்றார் அண்ணாச்சி, ஏப்பம் விட்டபடி. காய்ச்சல்காரிக்குப் புரோட்டா ஆகாது என்ற அக்கறையும் அவருக்கு இருந்தது. கஞ்சிதான் நல்லது என்று சொன்னார். மதினி எழுந்து போய் வைத்துக்கொண்டார்.