கல்யாணிக்கு இனிஷியல்

கல்யாணி ராகத்தை முணுமுணுத்தபடியே இசைக் கோட்பாட்டு வகுப்புக்குள் நுழைந்தாள் மாணவி. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அது மேசகல்யாணி, எண் 65.

எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதிக் கணக்கில் 'மே' 5, 'ச' 6. திருப்பிப் போட்டால் 65. அந்த எண்ணுக்காகவே ராகத்தின் தலையில் 'மேச' ஏறியது. சங்கராபரணமும் தப்பவில்லை, 'தீர' ஒட்டிக்கொண்டு ரேஷன் கார்டு வாங்கியதுபோல 29 ஆகிவிட்டது. இப்படி 72 மேளகர்த்தாக்கள், அதாவது தாய் ராகங்கள்.

பாடநூல் தமிழில் இருந்ததுதான் வினை. தமிழுக்கு ஒரே 'த'. கடபயாதியில் அதற்கு 6, 7, 8, 9 என்று நான்கு விலை! எந்தத் 'த' சார்?

"மனப்பாடம் பண்ணிடும்மா."

பண்ணினாள். தேர்வில் 'மேச'வை மட்டும் 'மேஸ' என்று வாசித்துத் தொலைத்தாள். 'ஸ'வுக்கு 7. கல்யாணி 75-வது மேளமாகிவிட்டது. அவள் அதை எவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்பதற்கு வினாத்தாளில் இடமில்லை.