அனிமே ஆச்சாரம்

நாவலூரில் பிளாக்குக்கு ஒருவர் இருப்பார். சிறுசேரி சிப்காட்டில் வேலை, முதுகில் லேப்டாப் பை, ஜிப்பில் நருட்டோ கீச்செயின். பரம சாது. "இந்த கார்ட்டூனெல்லாம் இன்னுமா பாக்குறீங்க தம்பி?" என்று மட்டும் லிப்டில் கேட்டுவிடாதீர்கள். அவர் மாடி வந்து போனாலும் இறங்க மாட்டார், உங்களையும் விடமாட்டார்.

அவருக்கு ஒரே சட்டம்: ஜப்பானில் பிறந்தால் அனிமே, மற்றதெல்லாம் பொம்மைப்படம். பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகம் கேட்பதுபோல, படம் பார்க்குமுன் ஸ்டூடியோ, ஊர், பூர்வீகம் எல்லாம் விசாரிப்பார். பள்ளி நாளில் சோற்றுத்தட்டோடு உட்கார்ந்து பார்த்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' இப்போது தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. 2005இல் அமெரிக்க நிக்கலோடியன் கொண்டுவந்ததாம். வரைந்தது வேறு கொரியாக்காரர்களாம். 'ஒன் பீஸ்' தயாரிக்கும் டோயே நிறுவனத்துக்கும் பிலிப்பைன்ஸில் வரையும் கிளை உண்டே என்றால், "டைரக்‌ஷன் ஜப்பான்ல பாஸ்!" என்பார். ஆச்சாரம் என்றால் விதிவிலக்கும் இருக்கத்தானே செய்யும்?

சட்டத்தால் வரும் சங்கடம் வேறு. எதிர்வீட்டு யுகேஜி வாண்டு, "டோரேமானும் அனிமேதானே அண்ணா?" என்றது. நம்மவர் இருமினார். தரைத்தள ஆன்ட்டி அதோடு விடவில்லை. "தூர்தர்ஷன்ல மௌக்லி வரும் தம்பி. இந்தி ஒண்ணும் புரியாது, ஆனா ஒரு வாரம் விட்டதில்ல." நம்மவர் போனில் தேடினார்: 1989, நிப்பான் அனிமேஷன், சுத்த ஜப்பான். ஆக, பிளாக்கிலேயே மூத்த அனிமே ரசிகை, வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டிதான்.

2025 ஜனவரியில் பழைய ராமாயண அனிமேஷன் படம் ஒன்று தியேட்டருக்கு வந்தபோதுதான் ஆள் நொந்துபோனார். யூகோ சாகோவும் கோய்ச்சி சசாகியும் நம் ராம் மோகனும் சேர்ந்து இயக்கியது. இசை வன்ராஜ் பாட்டியா, கதை வால்மீகி, முதலில் பேசிய மொழி இங்கிலீஷ். ராமன் வில்லை முறிக்கும் அழகைப் பார்க்காமல் டைட்டில் கார்டையே உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுல சேரும் தம்பி?" என்றார் ஆன்ட்டி.

"டெக்னிக்கலா பார்த்தா ஆன்ட்டி..."

அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. ஆன்ட்டி அதற்குள் பேரனோடு போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். நன்றாக இருக்கிறதாம்.