ஓய்வுபெற்ற ஐந்தாம் அட்டவணைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஐந்தாம் அட்டவணை அவர்கள் (பணி ஓய்வு), வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, புது தில்லி.

பொருள்: மேற்படி அட்டவணை வௌவால்கள் மீது பிறப்பித்த ஆணைகள் சேலம், நாமக்கல் மாவட்ட வீடுகளில் இன்னும் அமலில் இருப்பது தொடர்பாக.

பழந்தின்னி வௌவால் 2023 மார்ச் வரை இந்தியச் சட்டத்தின் கண்ணில் எலி, சுண்டெலி, காக்கை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நின்ற தொல்லை விலங்கு. ஐந்தாம் அட்டவணையில் பெயர் ஏறிய விலங்கைச் சுடவும் பிடிக்கவும் அப்போது யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. தில்லியில் ஓய்வு கொடுத்தாயிற்று. ஓமலூர், ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் மட்டும் மேற்படி அட்டவணை சம்பளம் கேட்காமல் இன்றும் வேலை பார்த்து வருகிறது.

அட்டவணையின் நீதிமுறைக்கு ஓர் உதாரணம். 1948இல் தேனி மாவட்ட மேகமலைப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு பழந்தின்னி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் வேறொரு இனத்தின் பெயரில் கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அது தனி இனம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அது நடந்ததும் 1972இல்தான். அந்த வௌவால் பின்னர் முதல் அட்டவணையில் ஏறி, புலிக்குரிய பாதுகாப்பைப் பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற பழந்தின்னிகள் எலியோடு நின்றன. தாயாதிகளுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு சொத்துத் தகராறில்கூட வருவதில்லை.

சட்டம் மாறிய சேதி அடுப்படி வரை வந்து சேரவில்லை என்பதற்கு 2025 ஜூலை சாட்சி. சேலம் மாவட்டம் டேனிஷ்பேட்டை வனச்சரகத்தில், பழந்தின்னி வௌவால்களை வேட்டையாடி, கறியைச் சில்லி சிக்கன் என்று விற்றதாக இருவரை வனத்துறையினர் கைது செய்தனர். பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் கோழிக்கும் முட்டைக்கும் பஞ்சம் வந்ததாகத் தகவல் இல்லை. ஆகவே இதில் வௌவாலின் குற்றம் என்ன என்பதை அட்டவணை அவர்களே விளக்கினால் நல்லது. ஏமாற்றப்பட்டுத் தின்றவர்கள் ஒருபுறம் இருக்க, தெரிந்தே தேடித் தின்பவர்களும் உண்டு. வௌவால் கறி ஆஸ்துமாவையும் இழுப்பையும் போக்கும் என்பது தமிழ்நாடு முழுக்கப் பரவிய நம்பிக்கை. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. வௌவாலைப் பிடித்து, அறுத்து, இரத்தத்தில் கை வைப்பவருக்குத் தொற்று வரும் வாய்ப்புத்தான் கூடுகிறது. இழுப்புக்கு அரசு மருத்துவமனையில் மருந்து கிடைக்கிறது.

அட்டவணையின் ஆட்சியில் வளர்ந்த மற்ற நம்பிக்கைகளுள் முதலாவது, வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது. எல்லா வௌவாலுக்கும் பார்வை உண்டு. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இருட்டில் வழி அறிகின்றன. இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் வரும் பெரிய பழந்தின்னிக்கு அந்த வித்தை கிடையாது. கண்ணாலும் மூக்காலும்தான் பிழைக்கிறது. கொசுவின் இருப்பிடத்தையே எதிரொலியில் கண்டுபிடிக்கும் பிராணி மனிதத் தலையைக் காணாமல் வந்து முடியில் சிக்கும் என்பது தலைக்கு மிகையான மரியாதை. அது தலையருகே வட்டமிடுவது அங்கே மொய்க்கும் பூச்சிக்காக.

வௌவால் வாயாலேயே உண்டு வாயாலேயே கழிக்கும் என்ற பேச்சுக்கு மட்டும் ஓர் அடிப்படை இருக்கிறது. பழந்தின்னி பழத்தை மென்று சாற்றை விழுங்கி, சக்கையை உருட்டித் துப்புகிறது. விடிந்ததும் மரத்தடியில் கிடக்கும் அந்தச் சக்கையைப் பார்த்தவர் மீதியைக் கற்பனையில் நிரப்பிக்கொண்டார். உண்மையில் கழிக்க வேண்டிய நேரத்தில் அது கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றி நிமிர்ந்து, தன் மேல் படாமல் காரியத்தை முடித்துவிட்டு மறுபடி தலைகீழாகிறது. பேருந்து நிலையச் சுவர்களைப் பார்க்கும்போது, சுத்தம் குறித்த புகார் எந்தத் தரப்பிலிருந்து வர வேண்டும் என்ற கேள்வி எழுகிறது.

இரத்தம் குடிக்கும் கதை திரைப்படத்தோடு வந்து இறங்கியது. உலகில் உள்ள 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் இரத்தம் குடிப்பவை மூன்றே. மூன்றும் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வாழ்பவை.

நோய் குறித்த அச்சம் முழுக்கப் பொய் இல்லை என்பதையும் இந்த விண்ணப்பம் மறைக்க விரும்பவில்லை. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் பரவிய நிபா வைரஸின் இயற்கை இருப்பிடம் பெரிய பழந்தின்னிகளே. எனவே வௌவால் கடித்த பழத்தைக் கழுவியும் அரிந்தும் உண்ணக் கூடாது; தூக்கிப் போட வேண்டும். பனையில் கலயம் கட்டுவோர் கலயத்தின் வாயை மூடிக் கட்ட வேண்டும். ஆனால் இதற்குத் தீர்வாக வௌவால்கள் அடையும் மரத்தை வெட்டுவது நேர் எதிர் பலனைத் தரும். நிபாவுக்கு நெருங்கிய உறவான ஹெண்ட்ரா வைரஸை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தவர்கள், மரமும் இரையும் இழந்து மக்கள் குடியிருப்பை நாடும் வௌவால்களிடமிருந்தே வைரஸ் அதிகம் வெளியேறுவதைக் கண்டனர். 2020இல் தமிழ்நாடு உட்படச் சில மாநில வௌவால்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கண்டறிந்த கொரோனா வைரஸ்களும் கோவிட் நோயை உண்டாக்கிய வைரஸ் அல்ல. அந்த ஆண்டு கல்லடி பட்ட வௌவால்களுக்கு இந்த விளக்கம் தாமதமாகவே போய்ச் சேரும்.

வீட்டு விவகாரம் இன்னும் எளிது. இரவில் அறைக்குள் ஒரு வௌவால் நுழைந்துவிட்டால் சகுனம் பார்ப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். வௌவாலுக்கு ஆபத்து அதுதான். உள் கதவுகளைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு ஆட்கள் வெளியேறினால் அது தானாகப் போய்விடும். துடைப்பம் தேவைப்படாது. தரையில் விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தொடக் கூடாது. தடித்த துணியால் மூடி அட்டைப்பெட்டியில் எடுத்துச் சென்று, அந்தி நேரத்தில் உயரமான இடத்தில் பற்றவிட்டால் பறக்கும். பல இனங்களால் தரையிலிருந்து எழும்ப முடியாது. கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசி குறித்துக் கேட்க வேண்டும்.

ஓட்டு வீட்டின் எரவாணத்திலும் கடையின் ஷட்டர் பெட்டியிலும் குடியிருப்பவை பெரும்பாலும் சில கிராம் எடையுள்ள பூச்சித்தின்னிகள். ஒரு விரல் நுழையும் சந்து போதும். அந்துருண்டை, சாம்பிராணிப் புகை, பட்டாசு ஆகிய மூன்றும் வீட்டாரைத்தான் முதலில் விரட்டுகின்றன. பறக்க முடியாத குட்டிகள் உள்ளே இல்லை என்று உறுதியான பின், அந்தியில் அவை எந்தச் சந்தின் வழியே புறப்படுகின்றன என்று பார்த்து, அதன் மேல் கெட்டியான பாலித்தீன் தாளை அடிப்பக்கம் திறந்தபடி தொங்கவிட்டால் வெளியே நழுவி வரலாம், திரும்ப ஏற முடியாது. சில இரவுகள் கழித்துச் சந்தைப் பூசிவிடலாம். அவசரமாகப் பட்டப்பகலில் பூசினால் உள்ளேயே செத்து நாறும். எச்சத்தைக் காயவிட்டுப் பெருக்கினால் தூசியோடு பூஞ்சையும் நெஞ்சுக்குள் போகும்; தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து அள்ளிக் குப்பைக் குழியில் போட்டால் உரம்.

மாந்தோப்புக்காரரின் வழக்கு நியாயமானது. பழந்தின்னி மாம்பழமும் சப்போட்டாவும் கொய்யாவும் தின்னத்தான் செய்யும். சந்தைக்குப் போகும் மாங்காய் மரத்தில் பழுக்கும் முன்பே பறிக்கப்படுவதால் அதன் பங்கு பெரும்பாலும் கடைசியில் தங்கிப் பழுத்தவையே. மீதியை வலை காக்கும். அதே பிராணிதான் இலவம்பூவில் மகரந்தம் சேர்க்கிறது, இலுப்பை விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் தாய் இரவில் பறக்கும் அந்துப்பூச்சி. அந்துப்பூச்சி சிறு வௌவாலின் இரை. இந்தக் கணக்கு எந்த அட்டவணையிலும் எழுதப்படவில்லை. பழந்தின்னி ஓர் ஈற்றில் ஒரு குட்டிதான் போடும் என்பதால், சுடப்பட்ட கூட்டம் எலியைப் போல மறு பருவத்தில் பெருகிவிடாது.

மேற்படி அட்டவணை பதவியில் இருந்த காலத்திலேயே அதன் ஆணையை மதிக்காத ஊர்களும் இருந்தன. சேலம் மாவட்டம் காடையாம்பட்டிப் பக்கம் வௌவால்தோப்பு என்றே பெயர் பெற்ற ஊரில், மரத்தில் தொங்கும் பழந்தின்னிகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். இந்த ஒழுங்கீனத்துக்காக அவர்கள் மீது நடவடிக்கை ஏதும் எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எனவே அட்டவணை அவர்கள் இரு மாவட்டங்களிலும் உள்ள வீடு, தோப்பு, கடைவீதி அனைத்திலும் தங்கள் பொறுப்பை முறைப்படி ஒப்படைத்துவிட்டு விலகுமாறும், விலகும்போது கவணையும் காற்றுத் துப்பாக்கியையும் கூடவே எடுத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. காக்கை, எலி ஆகியோரின் வழக்கு தனி. அதற்கான மனு பின்னர் வரும்.