முழு ஒப்புக்கொடுத்தல், முன்வரிசை

(நெல்லைச் சீமையில் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம். சனிக்கிழமை சாயங்காலம். ஒருவர் சேகர கமிட்டி அண்ணாச்சி. மற்றவர் மணியடித்து, கூட்டிப் பெருக்கும் கோயில்குட்டியார். அண்ணாச்சிக்குத் தேர்தல் நெருங்குகிறது. குட்டியாருக்குப் பாதிக் கோயில் பெருக்கப் பாக்கி.)

அண்ணாச்சி: ஓய் குட்டியாரே, நேத்து கன்வென்ஷன்ல பாத்தீரா? செய்தி முடிஞ்சதும் மொத ஆளா எந்திச்சு, என்னை முழுசா ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துட்டேன்.

குட்டியார்: பாத்தேன் அண்ணாச்சி. போன வருஷமும் குடுத்தீய. அதுக்கு முந்தின வருஷமும் குடுத்தீய. நடுவுல யாரு திருப்பி வாங்குதா?

அண்ணாச்சி: கிண்டலா? இந்தக் கோயில்ல ஃபேனு, மைக் செட்டு எல்லாம் யாரு குடுத்தது?

குட்டியார்: ஃபேனே சொல்லுதே. மூணு இறக்கையிலயும் உங்க பேரு. சுத்தும்போது வாசிக்க முடியலன்னு, பிரசங்க நேரத்துல வேகத்தைக் கொறைக்கச் சொன்னீயளே. சபை வேர்த்து ஊத்திக்கிட்டே உங்க பேரைத் தியானிச்சுச்சு.

அண்ணாச்சி: அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காயை 12,000 ரூவாய்க்கு எடுத்தேனே, அது?

குட்டியார்: எதிர் அணி அண்ணாச்சி 11,500 கேட்டாரு. அவரு அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்திருந்தா 200ல முடிஞ்சிருக்கும். ஆண்டவருக்கு 200, அவரு மூஞ்சிக்கு 11,800. ரெண்டுமே இன்னும் நோட்டுல பாக்கியா நிக்கி.

அண்ணாச்சி: அதைத் தந்திருவேன். ஆனா எனக்குச் சுயநலம்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது. மகனுக்கு நம்ம ஸ்கூல்ல வேலை கேட்டேன், மருமவளுக்குக் காலேஜ்ல கேட்டேன், மச்சானுக்குக் காண்ட்ராக்ட் கேட்டேன். எனக்குன்னு ஏதாவது கேட்டேனா?

குட்டியார்: இல்ல அண்ணாச்சி. பொருளாளர் பதவியைக்கூட மத்தவங்க கேக்காம இருக்கணும்னுதான் நீங்க கேட்டீய.

(அண்ணாச்சி இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.)

குட்டியார்: சுயநலம் வெளிய நிக்கும்போது லேசா அடையாளம் தெரியும். உள்ள வந்துட்டா, பாட்டுக்கு எந்திக்கும், ஜெபத்துக்கு முழங்கால் போடும். அனனியாவும் சப்பீராளும் காணிக்கை குடுத்தவங்கதான். நிலத்தை வித்ததுல ஒரு பங்கைக் குடுத்துட்டு முழுசும் இதுதான்னு காட்டினதுதான் வம்பாப் போச்சு. பங்குன்னே சொல்லியிருந்தா பேதுரு ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாரு.

அண்ணாச்சி: சாயங்கால நேரத்துல அனனியா கதை எதுக்கு ஓய்? முழுசுன்னா என்னன்னு நீரே சொல்லும்.

குட்டியார்: களக்காட்டுக்குத் தெக்க டோனாவூரு இருக்குல்லா? அங்க ஏமி கார்மைக்கேல் அம்மா. அயர்லாந்துக்காரங்க, 1895ல இந்தியாவுக்கு வந்தாங்க. கிராமம் கிராமமாப் போயி சுவிசேஷம் சொல்லுததுதான் அவங்களுக்குப் பிரியமான ஊழியம். 1901ல ஒரு சின்னப் புள்ள, தன்னைத் தேவதாசியாக் கோயிலுக்கு விட்டுருவாங்கன்னு பயந்து ஓடி வந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா இன்னும் புள்ளைய. பால் காய்ச்சணும், நகம் வெட்டணும், ராத்திரி முழிக்கணும். ஊர் ஊராப் போற பயணம் நின்னு போச்சு. காசு குடுக்கது லேசு அண்ணாச்சி. பிடிச்ச ஊழியத்தைக் குடுக்கதுதான் உயிர் போற காரியம். நீங்க இந்த ஒரு கிறிஸ்மஸுக்கு வேதபாடம் வாசிக்கிறதை வேற ஆளுக்கு விடுங்களேன்?

அண்ணாச்சி: அது எப்படி? ஏசாயாவுக்கு என் குரல்தான் பொருத்தம்னு ஊரே சொல்லுதே!

குட்டியார்: அந்த அம்மா 55 வருஷம் இந்தியாவுல இருந்தாங்க. ஒரு தடவைகூட லீவுல சொந்த ஊருக்குப் போகல. கடைசி இருவது வருஷம் பெரும்பாலும் படுக்கை. 1951ல இறந்தாங்க. கல்லறையில கல்லே வைக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. புள்ளைய மனசு கேக்காம, பறவைக்குத் தண்ணித் தொட்டி வச்சு ‘அம்மா’ன்னு மட்டும் எழுதிட்டாங்க.

அண்ணாச்சி: இனிஷியல்கூட இல்லாமலா? அவங்களுக்குக் குடும்பமா, கடையா? வெள்ளக்காரங்களுக்கு முடியும்.

குட்டியார்: வெள்ளாளன்விளை அசரியா யாரு, வெள்ளக்காரரா? 1903ல திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிக்க முன்னால நின்னாரு. ஆளை அனுப்பிட்டு இங்கேயே இருந்திருக்கலாம். 1909ல ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலையை விட்டுட்டு, தானே மிஷனெரியாத் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்குக் கிளம்பிட்டாரு.

அண்ணாச்சி: சரி, எல்லாரும் கிளம்பிட்டா கிளம்பினவனுக்கு யாரு ஓய் பணம் அனுப்புவா?

(நியாயமான கேள்வி. நையாண்டி எழுதுகிறவனுக்கு இப்படி நியாயமான கேள்வி வருவது கொஞ்சம் இடைஞ்சல்தான்.)

குட்டியார்: கடையை விடச் சொல்லல. ‘நான் தாழ்மையா இருக்கேனா, சுயநலம் போயிட்டா’ன்னு பாத்துக்கிட்டே இருந்தா, அதுவும் கண்ணாடி பாக்கதுதான். அடுத்தவன் கஷ்டத்துல முங்கிட்டா கண்ணாடி பாக்க நேரம் ஏது? ஆண்டவர் மேல பிரியம் வந்தா அப்படித்தான் இழுத்துட்டுப் போவும். இப்பவே ஒண்ணு இருக்கு. ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில ஒரு பெரியவர் கிடக்காரு. கூட இருக்க ஆளில்ல. நாலு நாளா நான் போறேன். இன்னைக்கு ராத்திரி நீங்க இருந்தா நான் கொஞ்சம் தூங்குவேன்.

அண்ணாச்சி: எந்தச் சேகரம்?

குட்டியார்: சேகரமும் இல்ல, சபையும் இல்ல. ஓட்டும் இல்ல.

அண்ணாச்சி: நம்ம சேகர குரு ஐயரவாளுக்குத் தெரியுமா?

குட்டியார்: தெரியாது. வார்டுல போட்டோ எடுக்கவும் விட மாட்டாங்க.

அண்ணாச்சி: ராத்திரி என்ன செய்யணும்?

குட்டியார்: தண்ணி கேட்டா குடுக்கணும். மூத்திரப் பாத்திரம் வைக்கணும். மத்த நேரமெல்லாம் சும்மா முழிச்சிருக்கணும்.

அண்ணாச்சி: (வெகுநேரம் யோசித்து) கொசு உண்டோ?

குட்டியார்: நெறைய உண்டு.

அண்ணாச்சி: அப்படிச் சொல்லும்! கொசுவர்த்தி ஒரு பெட்டி நான் வாங்கித் தாரேன், நீரே கொண்டு போயிரும். அதுல என் பேரு போட வேண்டாம், என்ன?